வெட்டாத பெயர்

தூ என்ற இடத்தில் வெட்டியதுதான் தப்பு. துண்டை நாலாக அடுக்கிக் கேட்டால் தூ தூ தூ தூ என்று யாரோ யாரையோ துப்புகிறார்கள். பாடியது நல்ல குரல், ஒரு பிசிறு கிடையாது, தூரம் என்ற ஒரே சொல்லை அந்தப் பெண் இழுத்திருக்கிற அழகுக்கே தனியாக ஒரு சம்பளம் கொடுக்கலாம், அதைப் போய் நான் நறுக்கித் துப்ப வைத்திருக்கிறேன். இயக்குநருக்குக் கிளிட்ச் வேண்டுமாம். சொல் உடைய வேண்டும், பழைய சிடி மாட்டிக்கொண்டது போலத் திக்க வேண்டும் என்று உதவி இயக்குநர் டேவிட் நேற்றிலிருந்து உயிரை வாங்குகிறான். திக்க வேண்டும் என்று வாயைவிட்டு வந்ததும் ஃபோனில் சட்டென்று ஓர் அமைதி. யாரிடம் அதைச் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்துவிட்டது. வேறு அர்த்தத்தில் சொல்லவில்லை சார் என்று பாவம் இழுத்தான். இதைத் திக்குவாயனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய் என்று சொல்ல ஆசைதான், அவ்வளவு நீள வாக்கியம் ஃபோனில் எனக்குக் கட்டுப்படியாகாது, சரி என்று வைத்துவிட்டேன். இன்னும் நேரம் இருக்கிறது. பத்தேகாலுக்குத்தான் தொட்டில். கீழே சௌந்தரம் அக்கா தொட்டில் கம்பில் பூச்சரம் சுற்றிக்கொண்டிருக்கிறாள், கோவில்பட்டியிலிருந்து வந்தவர்கள் இட்லிக்கு இரண்டாம் சட்னி கேட்கிற சத்தம் மாடி அறைவரை வருகிறது. பத்தேகாலுக்கு நான் இறங்கிப் போய், என் மகளைக் கையில் வாங்கி, அவள் வலது காதில் அவள் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். எல்லோரும் சுற்றி நிற்பார்கள். பெயர் பூங்கோதை. பூ. உதடு இரண்டும் ஒட்டிப் பிறக்கிற எழுத்து, ஒட்டினால் எனக்குப் பூட்டிக்கொள்கிற எழுத்து.

உதட்டை ஒட்டவைக்கிற எதுவும் எனக்கு ஆகாது. கடையில் பால் கேட்க மாட்டேன், ஆவின் கேட்பேன். பஸ்ஸில் பல்லாவரத்துக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன், குரோம்பேட்டைக்கு எடுத்துப் பல்லாவரத்தில் இறங்கிக்கொள்வேன். மாம்பழம் என்றால் எனக்கு உயிர், இன்றுவரை வாயால் கேட்டு வாங்கியதில்லை, கையால் காட்டித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பி நிறுத்தி வாய்ல என்ன கொழுக்கட்டையா என்று கேட்பார், ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், ஆமாமுக்குள்ளும் ஒரு மா உண்டு, நல்லவேளையாக அது நடுவில் வருகிறது, முன்னால் வந்தால்தான் வம்பு. என் பெயர் பழனிவேல். கேட்பவர்களுக்கு வேல். சினிமாவில் எல்லோரும் வேல் சார் என்கிறார்கள், ஸ்டைலுக்காகச் சுருக்கியது என்று நினைக்கிறார்கள், முன்பக்கத்தை வெட்டி எறிந்தது எனக்குத்தான் தெரியும். வெட்டுவது என் தொழிலல்லவா. மௌஸை எடுத்துத் தூவுக்குப் பின்னால் நகர்த்திப் பார்க்கிறேன். இப்போது ஊ மட்டும் வருகிறது, ஊ ஊ ஊ ஊ, துப்பல் போய் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இந்த வேலையில் எல்லாமே எங்கே வெட்டுகிறோம் என்பதுதான். மெய்யெழுத்தோடு வெட்டினால் உளி மாதிரிக் கொத்தும், உயிரில் வெட்டினால் பறவை மாதிரிக் கூவும். ரெண்டும் வேண்டாமென்றால் சொல்லை அப்படியே விட்டுவிட்டு நடுவில் சத்தத்தையே பிடுங்கிவிடலாம், தாளம் ஓடிக்கொண்டிருக்கும், குரல் இருக்காது, இருக்காது, இருக்காது, பிறகு பொட்டென்று வந்து விழும். எனக்கு வருவது அந்த மூன்றாவது ரகம். ஜனங்கள் நினைப்பதுபோலத் திக்குவாய் என்றால் ப-ப-ப மட்டும் அல்ல. எனக்கு முதலில் ஒன்றுமே வராது. உதடு ஒட்டி நிற்கும், காற்று உள்ளே நிற்கும், எதிரில் இருப்பவர் முகம் மெதுவாக மாறும். அப்புறம்தான் ப-ப-ப. அது வந்துவிட்டால் தப்பித்தேன் என்று அர்த்தம்.

எதிரில் இருப்பவர் முகம் மாறுமே, அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கவனம், பிறகு சங்கடம், பிறகு இரக்கம், பிறகு என் சொல்லை அவர்களே முடித்துவைப்பார்கள். ஊரே எனக்குச் சொல் எடுத்துக் கொடுத்துத்தான் வளர்ந்தேன். நான் பேனா கேட்க வாயை ஒட்டினால் பென்சிலா பேப்பரா என்று ஒருத்தர் அடுக்குவார், பேனாவைச் சொல்வதற்குள் எனக்கே வேண்டாமென்று ஆகிவிடும். மேகலா முடித்துவைக்கவில்லை. அவளுக்கு வேலை டப்பிங். திரையில் உதடு திறக்கும்போதுதான் குரல் கொடுக்க வேண்டும், முந்திக்கொண்டால் டேக் போச்சு. ஒரு எண்ணெய் விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க வந்திருந்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், மறுபடி ஒரு தடவை என்று சொல்லப் போய் ம-வில் மாட்டிக்கொண்டேன். என் பக்கத்தில் இருந்த ஆள் எனக்காகச் சொல்ல வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கினாள். உதடு இன்னும் திறக்கவில்லை, இரு என்று டப்பிங்காரர்கள் தூக்குகிற விரல். பொறுமையாக நின்றாள் என்று சொல்ல மாட்டேன், பொறுமை காட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் முகத்தில் ஒரு புன்னகை வாடகைக்கு வந்து உட்கார்ந்திருக்கும். இவள் வேலையாக நின்றாள். என் உதட்டையே பார்த்தாள். மறுபடி என்று முழுதாக வந்து விழுந்த பிறகு சரி என்று மைக் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கணமே நான் காலி. கல்யாணமும் ஆயிற்று. அவளை நான் கலா என்று கூப்பிடுகிறேன், எவ்வளவு செல்லம் பார் என்று அவள் தோழிகள் பொறாமைப்படுகிறார்கள். மே-யைத் தாண்ட முடியாமல் வெட்டிய பெயர் அது. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள்தான் இந்தப் பெயரை வைத்தாள். நான் இலக்கியா என்றேன், அகல்யா என்றேன், யாழினி என்றேன், உயிரெழுத்தும் இடையினமுமாகத் தேடித் தேடிக் கொண்டுபோய் வைத்தேன், எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பூங்கோதை என்றாள். அவளுக்கு முதன்முதலாக டப்பிங் வாங்கிக் கொடுத்த அம்மாளின் பெயராம். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் கோபமாக வந்தது, வள்ளியாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா. ரெண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், நான் பேசாமல் இருப்பதை இந்த வீட்டில் யார் கவனிக்கப் போகிறார்கள். மூன்றாம் நாள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள், "என் பேர வெட்டிட்ட. உன் பேரையும் வெட்டிக்கிட்ட. இவ பேர மட்டும் வெட்டாத, வேலு. முழுசா சொல்லு. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல." சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். எவ்வளவு நேரம் ஆனாலும். அவளுக்கு என்ன, அவள் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். பத்தரைக்கு மேல் நேரம் சரியில்லை என்று ஐயர் சொல்லியிருக்கிறார். நான் பத்தேகாலுக்கு ஆரம்பித்தால் எந்த ராகு காலத்தில் முடிப்பேனோ.

சிரித்துக்கொள்கிறேனே தவிர, ஊரிலிருந்து வந்திருக்கிற கோமதிப் பெரியம்மா சொன்னது என்னை விடவில்லை. நேற்று ஆரத்தித் தட்டைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், காதில் முதலில் விழுகிற பெயர் எப்படி விழுகிறதோ அப்படித்தான் பிள்ளைக்கு நாக்கு திரும்பும் என்று. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளுக்கு நான் அந்த அறையில் இருப்பதே நினைவில்லை. அதெல்லாம் சும்மா என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்டாயிற்று, டாக்டரும் சிரித்தார். தெரிந்தது தெரிந்தபடி இருக்கிறது, பயம் பயந்தபடி இருக்கிறது, ரெண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. கடையில் கைகாட்டி மாம்பழம் வாங்குகிற பெண்ணாக அவளை நினைத்துப் பார்க்கிறேன். குரோம்பேட்டை டிக்கெட் எடுக்கிற பெண்ணாக. அந்த நினைப்பு ஒரு இடத்தில் சிக்கித் திரும்பத் திரும்ப ஓடுகிறது, குரோம்பேட்டை, குரோம்பேட்டை, குரோம்பேட்டை, நிறுத்தத் தெரியவில்லை. அப்பாவுக்கும் இது உண்டு. தீப்பெட்டிக் கம்பெனியில் வாயைத் திறக்காமலே காலத்தை ஓட்டியவர். எனக்குப் பெயர் வைத்த அன்று அவர் வாசலில் நின்றாராம், அத்தைதான் என் காதில் சொன்னாளாம். அதன்பிறகும் சொன்னதில்லை. சின்னவனே என்பார், ஏலே என்பார், கோபம் வந்தால் விரலைச் சொடுக்குவார். அவர் போய்ச் சேர்ந்தபிறகு ஒருநாள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது, பழனிவேல் என்று அவர் குரலில் நான் கேட்டதே இல்லை. எத்தனையோ குரல்களை இந்த அறையில் வைத்திருக்கிறேன், அது ஒன்று இல்லை. அவருக்கும் பகரம்தான் பூட்டா, வேறெழுத்தா என்றுகூடத் தெரியாது. எனக்காகச் சிக்கித் திணறி ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பேன்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்குச் சொல்கிறேன், எனக்கேதான். என் சட்டைப்பையில் இருக்கிற ஃபோனில் பூங்கோதை என்று ஒரு ஃபைல் இருக்கிறது. நேற்று மதியம் மேகலா குழந்தையை ஊசி போடத் தூக்கிக்கொண்டு போயிருந்தபோது மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். ஸ்க்ரீனில் நான் பெயர் சொல்லுகிற லட்சணம் கோடாக ஓடியது. முதலில் செத்தவன் நாடிபோலத் தட்டையாக ஒரு கோடு, பிறகு குத்துக் குத்தாகப் பூ பூ பூ, பிறகு ஒரு முழுப் பெயர். முன்னாலிருந்த எல்லாவற்றையும் வெட்டினேன். ஒன்றிலிருந்து நல்ல பூ எடுத்தேன், இன்னொன்றிலிருந்து கோதை, ஒட்டு தெரியாமல் ஒட்டினேன், லேசாக எக்கோகூடப் போட்டேன், கோயிலில் சொன்னது மாதிரி. மூன்று தடவை வருகிற மாதிரி அடுக்கினேன். திட்டம் என்னவென்றால், நான் குனிவேன், உள்ளங்கையில் ஃபோன் இருக்கும், காதை மறைத்துக் கை வைப்பதுபோல வைத்து அமுக்குவேன். சினிமாக்காரன் புத்தி வேறெப்படிப் போகும். ஊருக்கெல்லாம் நன்றாகப் பாடியவர்களைத் திக்கவைத்துச் சம்பளம் வாங்குகிறேன், வீட்டுக்கு வந்து திக்குகிற என்னை நன்றாகப் பேசவைக்கிறேன். சாயங்காலம் குழந்தை விழித்துக்கொண்டு கிடந்தபோது பரீட்சை பார்த்தேன். காதருகே வைத்து அமுக்கினேன். பூங்கோதை, பூங்கோதை, பூங்கோதை. ஒரு பிசிறு கிடையாது. அவள் ஃபோனின் வெளிச்சத்தைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள். அப்போது எனக்கே தெரியாமல் பாப்பா என்று கூப்பிட வாயெடுத்து மாட்டிக்கொண்டேன். உதடு ஒட்டி நின்றது. அவள் தலை திரும்பியது. அந்த அமைதிக்குத் திரும்பியதா, தற்செயலா, தெரியவில்லை. வயிற்றில் இருந்தபோதே இவளிடம் நான் பேசப் போய்ப் பாதி நேரம் மேகலாவின் வயிற்றில் வாயை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்திருக்கிறேன், அப்போதெல்லாம் உதைப்பாள். இருந்தாலும் ஃபைலை நான் அழிக்கவில்லை. பையில்தான் இருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

மாடிப்படியில் கொலுசுச் சத்தம், அக்கா. கையில் காப்பி. என்னைவிட நாலு வயது மூத்தவள், என் வாய் அவள்தான். கடையில் அவள் பேசுவாள், பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக்கு வந்து இவனுக்குப் பாட்டு நல்லா வரும் சார், பேச்சுதான் வராது என்று வாத்தியாரிடம் சண்டை போட்டவள், பொண்ணு பார்க்கப் போன இடத்திலெல்லாம் என் சார்பில் சம்பந்தமில்லாமல் பேசிக் காரியத்தைக் கெடுத்தவளும் அவளே. காப்பியை வைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "ஏலே பழனி, நீ சும்மா குனிஞ்சு பிள்ளை காதுகிட்ட வாய வச்சுக்க. நான் ஒனக்குப் பின்னால நின்னு சொல்லிருதேன். அத்தை சொன்னா முறைதான, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக." அவள் கையில் மல்லிகை நாரின் ஈரம் இருந்தது. எவ்வளவு அன்பு என்றால் மறுக்கவே முடியாத அன்பு, அதுதான் அதில் கஷ்டம். சரிக்கா என்றேன். ச எனக்குச் சுலபம், எதற்கும் சரி சொல்லிவிடுகிறவன் என்று பெயர் வாங்கியதே அதனால்தான். அவள் என் தலையை ஒருமுறை கோதிவிட்டு இறங்கிப் போனாள். இப்போது எனக்கு ரெண்டு குரல் கைவசம். ஒன்று பையில், ஒன்று முதுகுக்குப் பின்னால். நம் வீட்டு ஆண்கள் வாசலில் நின்று பழக்கப்பட்டவர்கள், நான் தொட்டில்வரை வருகிறேன் அல்லவா, அப்பாவைவிட நாலு எட்டு முன்னேற்றம்தானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை.

டேவிட் மறுபடியும் அழைக்கிறான். ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தேன். தூரத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். துப்பலும் வேண்டாம், ஆம்புலன்ஸும் வேண்டாம். அடுக்கி வைத்த எல்லாத் துண்டையும் எடுத்துவிட்டேன். சொல்லுக்கு முன்னால், பாடுகிறவள் மூச்சு இழுக்கிற இடத்தில், அந்த மூச்சை மட்டும் விட்டுவிட்டுக் குரலைப் பிடுங்கினேன். தாளம் ஓடுகிறது. குரல் இல்லை. இன்னும் இல்லை. ஒரு சின்னத் தூ, மறுபடி இல்லை. தாளக் கட்டத்துக்குள் பிசகாமல் அடுக்கினால் மெஷின் மாதிரி இருக்கும், அதனால் ஒவ்வொன்றையும் ஒரு நூல் முன்னே பின்னே தள்ளினேன், நான் திக்குகிற கணக்கில், கணக்கே இல்லாமல். அப்புறம் தூரம் என்று முழுச் சொல்லையும் அவிழ்த்து விட்டேன். ஹெட்போனில் கேட்டதும் என் முதுகு சிலிர்த்தது. காத்திருக்கவைத்துக் கொடுத்த சொல், முன்பு நேராகப் பாடியிருந்தாளே அப்போது இப்படி இருக்கவில்லை. இது நான்தான். என் வாய் இது. இத்தனை வருடம் இந்த அறையில் நான் வெட்டி எறிந்துகொண்டிருந்தது இதைத்தான். டேவிட்டுக்கு அனுப்பினேன். கீழே மேகலா கூப்பிடுகிறாள், வேலு, நேரமாச்சு.

வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். ஃபோனை மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் வீரம் மாதிரி இருக்கும், படி பாதி இறங்கிய பிறகுதான் பை காலி என்று தெரிந்தது, திரும்பப் போகவில்லை, அவ்வளவுதான். கூடம் நிறைய ஆட்கள், சாம்பிராணி. குழந்தையை என் கையில் வைத்தார்கள். பஞ்சுமூட்டை மாதிரி ஒரு சூடு, விளக்கெண்ணெயும் பாலும் கலந்த வாசனை. அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். எதிரில் மேகலா. குனிந்தேன். இவ்வளவு சின்னக் காதை எந்த மைக்கிலும் பார்த்ததில்லை. உதட்டை ஒட்டினேன், பூட்டிக்கொண்டது. தட்டைக் கோடு. கூடத்தில் ஒவ்வொரு சத்தமாக அணைகிறது, மின்விசிறி மட்டும் ஓடுகிறது. கோமதிப் பெரியம்மாவின் வளையல் நின்றுவிட்டது. அப்பா வாசலில் நிற்கிறார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூ எங்கே, பூ உள்ளேதான் இருக்கிறது, வரும், வராவிட்டால், வரும். பின்னால் அக்கா மூச்சை இழுக்கிறாள். சத்தத்தோடேயே வாழ்கிறவனுக்கு அந்த மூச்சு தெரியும், சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. தலையைத் தூக்கினேனோ இல்லையோ, கண் ஓரத்தில் மேகலாவின் ஒரு விரல் மேலே போயிருந்தது. அக்கா மூச்சை அப்படியே வைத்துக்கொண்டாள். பூ. வந்துவிட்டது. பூ பூ பூ என்று என் காற்று அந்தக் காதுக்குள் சூடாகப் போனது, குழந்தை கூச்சத்தில் தோளைக் குறுக்கினாள், முகத்தை என் வாய்ப் பக்கமே திருப்பினாள், பூங்கோதை என்றேன். இரண்டாவது இதைவிட நேரமெடுத்தது. மூன்றாவதில் யாரோ செருமினார்கள், பரவாயில்லை, பூங்கோதை என்று அதையும் முடித்தேன். அக்கா மூக்கை உறிஞ்சினாள். பத்தரை எப்போதோ தாண்டியிருக்கும். வாய் திறந்ததே திறந்தது, இன்னொன்றும் பாக்கி இருக்கிறது என்று தோன்றியது. நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தேன். உதட்டை ஒட்டினேன்.

"ம்... ம்... மே... மேகலா, இவள வாங்கிக்க."

அவள் உடனே கை நீட்டவில்லை. முழுப் பெயரும் வந்து சேரும்வரை என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.